நினைவு வரும்வரை உங்களிடம் இருந்த டப்பா

போன சனிக்கிழமை உங்கள் மகன் ரொக்ஸ்பரோவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றி வெளிப்படியிலேயே, பனிக்குள் வைத்துவிட்டு உள்ளே வந்தார். தமிழர் வீட்டுக்குப் போகும்போது சப்பாத்து விடயத்தில் கவனம் வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது நீங்களாகத்தான் இருக்கும். கையில் ஒரு கடதாசிப் பை. அதற்குள் அந்த டப்பா.

"அம்மா உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவா," என்றார். "அவருக்கு நினைவு வந்திட்டுதோ எண்டு முதல் கேள் எண்டவா. வந்திட்டுது எண்டால் குடு, வரேல்லை எண்டாலும் குடு எண்டவா. வந்திட்டுதோ?"

"இல்லை," என்றேன்.

"சரி," என்று தந்தார். உங்கள் பிள்ளைதான். 

தட்டையான, வட்டமான தகர டப்பா. மூடி துருவேறி இறுகியிருந்தது; விரலால் திறக்க முடியவில்லை. ஆனால் விளிம்பில் மூக்கை வைத்தால் மெழுகும் எண்ணெயும் கரியும் கலந்த அந்த நாடக ஒப்பனை மையின் வாசம் இன்னும் இருந்தது. இருபத்தைந்து வருடமாக உங்கள் மேசையில் கடதாசிகள் பறக்காமல் இருக்க வைத்திருந்தீர்கள். இப்போது என் மேசையில் இருக்கிறது. இங்கே பறப்பதற்குக் கடதாசிகள்கூட இல்லை.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நாம் பேசியதெல்லாம் ஆங்கிலம். இத்தனை வருடம் என் தலைக்குள் இருந்ததில் உங்கள் பேச்சு முழுவதும் யாழ்ப்பாணத் தமிழாகிவிட்டது. உங்களிடம் அனுமதி கேட்காமல் நடந்த காரியம், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதை மிக நன்றாகப் பேசுகிறீர்கள்.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அந்தத் தேவாலயத்தின் நிலக்கீழ்த் தளத்தில் இரண்டு அறைகள். சனிக்கிழமை காலைகளில் ஒன்று எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு, மற்றது உங்கள் வாசிப்பு வட்டத்துக்கு. நடுவில் இருந்ததைச் சுவர் என்று வாடகை ஒப்பந்தம் சொன்னது. அது ஒரு மடக்குப் பலகை. எங்கள் பக்கத்தில் நாற்பது பிள்ளைகள் உயிரெழுத்துகளைக் கத்துவார்கள். உங்கள் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கறுப்பின மனிதர்கள், கல்லூரிப் பிள்ளைகளும் பஸ் ஓட்டுபவர்களும் தாதிகளும், ஒரே ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் இருப்பார்கள். அந்தப் பக்கத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான் நான் முதலில் வந்தேன்.

"என்னை எல்லாரும் மாஸ்டர் எண்டுதான் கூப்பிடுவினம், நீங்களும் அப்பிடியே கூப்பிடலாம்," என்று என்னைப் பெருந்தன்மையோடு அறிமுகம் செய்துகொண்டேன். யாழ்ப்பாணத்தில் பள்ளி ஆசிரியருக்கு அதுதான் பெயர். நீங்கள் என்னைச் சற்று நேரம் பார்த்தீர்கள்.

"எங்கட குடும்பத்திலை ஆரையும் அந்தச் சொல்லாலை கூப்பிடுறதை நிப்பாட்டிக் கனகாலம்," என்றீர்கள். "வேறை ஏதும் பேர் இருக்கோ?"

உங்கள் முன்னோர்களை விலைக்கு வாங்கியவர்களை அவர்கள் அந்தச் சொல்லால்தான் கூப்பிட வேண்டியிருந்தது என்பது எனக்கு விளங்கியது பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது. அதற்குள் இன்னொரு கேள்வியையும் கேட்டு முடித்திருந்தேன்.

"நீங்கள் எந்த நாடு?"

"இந்த நாடு."

"அதுக்கு முதல்?"

"இந்த நாடு. என்ரை அம்மாவும் இஞ்சைதான். நீங்கள் வந்து எவ்வளவு காலம்?"

"மூண்டு வருசம்."

"நல்வரவு," என்றீர்கள். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. நகைச்சுவைப் பகிடி எழுதியே பெயர் வாங்கியவன் என்ற என் செருக்கு அன்று கொஞ்சம் ஆட்டம் கண்டது.

உங்கள் தாத்தா இரவு ரயில்களில் படுக்கை விரித்துக் கொடுக்கும் வேலை பார்த்தவர். பயணிகள் அந்த வேலை செய்த கறுப்பு மனிதர் எல்லாரையும் ஒரே பெயரால் கூப்பிடுவார்களாம். அது அவர்களில் எவருடைய பெயரும் அல்ல. அதனால்தான் உங்கள் வட்டம் பெயர்களோடு தொடங்கியது. ஒவ்வொருவரும் முழுப் பெயரைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதைச் சரியாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் வேலை செய்த துணி ஆலையில் என் பெயர் 'டிரூ'. உங்கள் அறையில் பன்னிரண்டு பேர் 'திருச்சிற்றம்பலம்' என்று சொல்லிப் பழகினார்கள். ஏழு நிமிடம் எடுத்தது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் சுருக்கலாமா என்று கேட்கவில்லை. என் சொந்தப் பெயரை அவ்வளவு மரியாதையாக நான் அதுவரை கேட்டதில்லை. என் தகப்பனார்கூட 'டேய்' என்றுதான் கூப்பிடுவார்.

பிறகு உங்கள் விதி. ஒருவரை மறுத்துப் பேச விரும்பினால், முதலில் அவர் சொல்வதை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் கேட்டுவிட்டு, "ஓம், அதைத்தான் நான் சொன்னன்," என்று சொல்லும்வரை மறுமொழிக்கு இடமில்லை. கேட்க எளிதாக இருக்கும். நான் வாரக்கணக்காகப் பார்த்தேன். ஒரு பஸ் ஓட்டுநர், தன்னுடைய அரைவாசி வயதுள்ள மாணவி ஒருத்தியின் வாதத்தை ஐந்து தடவை சொல்லிப் பார்த்து, ஐந்தாவது தடவை அவள் தலையாட்டியபோது, "இப்ப எனக்கு உன்னை மறுக்கிற எண்ணம் இல்லை," என்றார். நான் பல்கலைக்கழகத்துக்குப் போனவன். அங்கே யோசித்து முடித்தவர்களைக் கண்டிருக்கிறேன். யோசித்துக்கொண்டிருப்பவர்களை உங்கள் பேஸ்மென்டில்தான் கண்டேன்.

நீங்கள் உயர்நிலைப் பள்ளிகளில் பதில் ஆசிரியராக வேலை செய்தீர்கள். யாராவது நோய்வாய்ப்பட்டால் அந்த வகுப்பு உங்களுக்கு. கறுப்புச் சிந்தனையாளர்களைப் படிப்பிக்க ஒரு பாடம் வேண்டும் என்று ஒவ்வொரு கோடையிலும் நிர்வாகத்துக்கு எழுதுவீர்கள். நல்ல யோசனை, கறுப்பின வரலாற்று மாதமான பெப்ரவரியில் ஒரு நாள் பார்க்கலாம் என்று ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் பதில் வரும். பெப்ரவரியில் பனி கொட்டி, பஸ் பிந்தி, அரைவாசிப் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

"புத்தகத்திலை எங்கட ஆக்கள் வருவினம்," என்றீர்கள் ஒருநாள், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்போது. "அடிமையாய் வருவினம். ஓட்டக்காரராய் வருவினம். பாட்டுக்காரராய் வருவினம். யோசிக்கிற ஆளாய் மட்டும் வரமாட்டினம். துன்பப்பட்டதுக்கு ஒரு மாதம் தந்திருக்கினம். யோசிச்சதுக்கு ஒரு பீரியட் இல்லை."

எங்கள் அறையில் தொங்கிய காலண்டரையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. "இந்தப் பெடியன் ஏன் நீலம்?" என்று கண்ணனைக் காட்டிக் கேட்டீர்கள். மழை மேகத்தின் நிறம் என்று விளக்கினேன்.

"உங்கட ஊரிலை மழை மேகம் நீலமோ?"

"கறுப்பு."

"ஓ," என்று மட்டும் சொன்னீர்கள். கண்ணனின் வடமொழிப் பெயருக்கே கறுப்பன் என்றுதான் பொருள் என்பதையும், அச்சகத்துக்காரர் அதை வாங்குபவர்களின் வசதிக்காக மாற்றிவிட்டார்கள் என்பதையும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

அடுத்த அறைக்காரரைப் பற்றி எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் பேசும்போது ஒரு சொல்லைப் பயன்படுத்துவார்கள். எங்கள் ஊரில் கறுப்பு மனிதரைக் குறிக்கும் சொல். மரியாதையான சொல் அல்ல. அது என்ன என்று கேட்டீர்கள். "அயலவர்" என்று மொழிபெயர்த்தேன். இரண்டு வாரம் கழித்து வந்து சொன்னீர்கள்: "மெட்ரோவிலை முன்னைபின்னைத் தெரியாத ஒரு ஆளையும் உங்கட ஆக்கள் அயலவர் எண்டு சொல்லிச்சினம். நல்ல மனசுள்ள சனம்." நான் தரையைப் பார்த்தேன். நீங்கள் எனக்குத் தேநீர் ஊற்றினீர்கள்.

இனி டப்பாவுக்கு வருகிறேன்.

அந்த நவம்பரில் பிள்ளைகளுக்குச் 'சூரன் போர்' நாடகம் பழக்கினேன். எழுத்து, இயக்கம், ஒப்பனை எல்லாம் நான். முருகனாக நடித்த பிள்ளையின் குரல் இரண்டாம் வரிசையைத் தாண்டாது. ஆனால் வெள்ளை நிறம் கடைசி வரிசைவரை தெரியும். சூரன் என் மகள் துளசி, பத்து வயது. மூன்றாவது வருடமும் அவள்தான் சூரன். குரல் பெரிது, அதனால்தான் என்று எல்லாருக்கும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். அவள் எங்கள் பள்ளியிலேயே கறுப்பான பிள்ளை என்பது வேறு விடயம் என்று நினைத்திருந்தேன்.

ஒத்திகை நாளில், அறையில் வெளிச்சம் போதாமல், அறைகளுக்கு முன்னால் இருந்த தாழ்வாரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். அசுரர் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் முகத்தில் கறுப்பு மை பூசினேன். ஊரிலும் அப்படித்தான்: தேவர் என்றால் ரோஸ் பவுடர், அசுரர் என்றால் கரி. சுற்றி நின்ற பெற்றோர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் துளசி. அவளுக்கும் பூசினேன். ஏதோ சொன்னேன். எல்லாரும் பெரிதாகச் சிரித்தார்கள். அப்போதுதான் உங்கள் கதவு திறந்தது. இடைவேளைக்குக் கோப்பி எடுக்க உங்கள் ஆட்கள் வெளியே வந்தார்கள்.

முன்னால் வந்தவள் சிமோன், உங்கள் வட்டத்தின் மாணவி. கையில் வெறும் கோப்பை. ஆறு கரிமுகங்களையும் பார்த்தாள், கோப்பையைத் தரையில் வைத்தாள், படியேறி வெளியே போய்விட்டாள். மற்றவர்கள் திரும்பி உள்ளே போனார்கள். நீங்கள் மட்டும் நின்றீர்கள். குனிந்து துளசியிடம், "ஒவ்வொரு சனியும் பலகைக்கு அங்காலை ஒரு பெரிய குரல் கேக்கும். அது நீதானே?" என்று கேட்டீர்கள். அவள் ஓம் என்று தலையாட்டினாள். பிறகு என்னிடம் திரும்பினீர்கள்.

"கடைசிப் பிள்ளைக்கு என்ன சொன்னனீங்கள்? எல்லாரும் சிரிச்சினம்."

"ஏதோ பகிடி. ஞாபகம் இல்லை."

"இன்னும் ஒரு நிமிசம் ஆகேல்லை," என்றீர்கள்.

உண்மையில் எனக்கு ஞாபகம் இல்லை. என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, என் மடியில் இருந்த டப்பாவை எடுத்து மூடினீர்கள். "இது என்னட்டை இருக்கட்டும். நினைவு வந்தால் வந்து வாங்குங்கோ."

எங்களை வெளியேற்றச் சொல்லித் தேவாலயத்துக்குக் கடிதம் எழுதப் போவதாகச் சிமோன் சொன்னாள். விதிப்படி முதலில் என்னோடு பேச வேண்டும் என்று நீங்கள் அவளைத் தடுத்தீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு தாயார், "மாஸ்டர், விடாதையுங்கோ. நாங்களே கறுப்பு. எங்களைப் போய் இனவாதி எண்டால்?" என்று என்னைப் போருக்கு அனுப்பினார். நான் பதினொரு பக்கம் எழுதினேன். கூத்து மரபு, நிறங்களின் தத்துவம், நாங்கள் அடிபட்ட வரலாறு, எங்கள் நூலகம் எரிந்தது. நல்ல பக்கங்கள். இன்றும் ஒரு சொல் மாற்ற மாட்டேன்.

அடுத்த சனி, பலகைக்கு அந்தப் பக்கத்தில் பிள்ளைகளின் ஒத்திகை. இந்தப் பக்கத்தில் நாங்கள். பதினொரு பக்கத்தையும் நான் வாசித்து முடித்தபின், முதலில் சிமோன் என் கருத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "அவர் சொல்லுறார், இது உங்களைப் பற்றினது இல்லை. எங்கட கதையிலை அசுரன் இருட்டு, இருட்டு கறுப்பு. நாங்களும் கறுப்பு, அதாலை கறுப்பை நாங்கள் பழிக்க ஏலாது. நாங்கள் எரிஞ்ச சனம், எரிச்ச சனத்தோடை எங்களைச் சேர்க்காதையுங்கோ."

பதினொரு பக்கம் நாலு வசனத்தில். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதைவிட, அவ்வளவு கோபத்தில் இருந்த ஒருத்தி என் பக்கத்தை இவ்வளவு நியாயமாகச் சொன்னாள். "ஓம்," என்றேன். "அதைத்தான் நான் சொன்னன்."

இப்போது என் முறை. "நீங்கள் மனம் புண்பட்டிருக்கிறீங்கள்," என்று தொடங்கினேன்.

"இல்லை," என்றாள். "என்ரை மனசை விடுங்கோ. என்ரை கருத்தைச் சொல்லுங்கோ."

இரண்டாவது தடவை, இந்தக் கண்டத்தில் வெள்ளையர் முகத்தில் கரி பூசி மேடையேறி உங்களைப் பரிகசித்ததைப் பற்றிச் சொன்னேன். "அது வரலாறு. சரி. ஆனா நான் சொல்லுறது அது இல்லை," என்றாள்.

நீங்கள் யாரையும் அவசரப்படுத்தவில்லை. பலகைக்கு அப்பால் துளசி சூரனாகக் கர்ச்சித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டபடி மூன்றாவது தடவை சொன்னேன்: "கறுப்பு எண்டால் கெட்டது எண்டு ஒரு கதை உலகம் முழுக்க நடக்குது. எழுதினது வேறை ஆக்கள். அதாலை லாபம் கண்டதும் வேறை ஆக்கள். ஆனா அதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறது நாங்கள். எங்களுக்கு ஆரும் சம்பளம் தரேல்லை. சும்மா செய்யிறம்."

சிமோன் நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு, "ஓம். அதைத்தான் நான் சொன்னன்," என்றாள்.

"இனி நீங்கள் மறுமொழி சொல்லலாம்," என்றீர்கள் என்னிடம். பதினொரு பக்கமும் மடியில் இருந்தன. அவற்றை நாலாக மடித்துப் பையில் வைத்தேன். ஒருவனை ஒரு குரல்கூட உயர்த்தாமல், ஒரு குற்றச்சாட்டுக்கூடச் சொல்லாமல், தன்னுடைய வாயாலேயே அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்த முடியும் என்பதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. கடிதம் போகவில்லை. எங்கள் அறை எங்களுக்கே இருந்தது.

அந்த வருடம் அசுரருக்கு மட்டை மீசை ஒட்டினேன். "மாஸ்டர், ஆர் அசுரன் எண்டு எப்பிடித் தெரியும்?" என்று பெற்றோர் கேட்டார்கள். "வசனத்தைக் கேட்டால் தெரியும்." "வசனத்தை ஆர் கேக்கிறது?" அடுத்த வருடம் துளசியை முருகனாக்கினேன். அவளுக்குக் கோபம், முருகனுக்கு நாலே வசனம்.

அதன் பிறகு உங்கள் வட்டத்தில் எனக்கும் ஒரு கதிரை இருந்தது. அது என் தொழிலைக் கெடுத்தது. பகிடி எழுதுகிறவன் எதிராளியை முட்டாளாக்கித்தான் பிழைக்க வேண்டும். உங்கள் விதி தலைக்குள் ஏறியபின், எழுத உட்கார்ந்தால் எதிராளி வந்து தன் நியாயத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவான். ஒரு வருடம் ஒன்றும் எழுதவில்லை. யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அந்தச் சம்பவத்தைப் பற்றி எத்தனையோ தடவை பேசினேன், மேடையிலும் பேசினேன். நான் எப்படித் திருந்தினேன் என்பது எனக்குப் பிடித்த கதை. நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒரு கோடையில் இல்-பிசாரிலிருந்து லவாலுக்குப் போகும் படகில், கம்பியைப் பிடித்தபடி திரும்பினீர்கள். "நினைவு வந்ததோ?"

"எது?"

"அப்ப வரேல்லை," என்று தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினீர்கள். அது நீங்கள் இரண்டாவது தடவை கேட்டது. நான் அதைப் பழைய பகிடி என்று நினைத்தேன்.

நேற்றுத் துளசி வந்தாள். இப்போது அவள் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு படிப்பிக்கிறாள். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைவரை கேட்கும் குரல். மேசையில் டப்பாவைக் கண்டாள்.

"உது அவவின்ரை டப்பா எல்லோ?"

"ஓம். மகன் கொண்டந்து தந்தவர். திறபடேல்லை."

கரண்டிக் காம்பை விளிம்பில் கொடுத்து நெம்பினாள். மூடி கழன்றது. உள்ளே மை கல்லாக இறுகி, வெடித்திருந்தது. நடுவில் இரண்டு தடங்கள், பக்கத்துப் பக்கத்தில், சிறிய வாய்க்கால்கள் போல.

"இது என்ரை," என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

"நான்தானே கடைசி. எனக்குப் பிறகு ஒருத்தரும் இதைத் தொடேல்லை." சாய்ந்து உட்கார்ந்தாள். "மற்றப் பிள்ளைகளுக்கு நெத்தி, கன்னம், கழுத்து எண்டு வடிவாய்ப் பூசினீங்கள். எனக்கு ரெண்டு விரல், ரெண்டு கோடு. பேந்து 'உனக்கு இது காணும்' எண்டனீங்கள், நான் ஏற்கெனவே கறுப்பு, இவ்வளவு போதும் எண்ட மாதிரி. எல்லாரும் சிரிச்சினம். நீங்களும் சிரிச்சனீங்கள்."

பதினொரு பக்கம் எழுதியவனுக்கு மூன்று சொல் நினைவில்லை.

"ஏன் பிள்ளை இத்தனை வருசம் சொல்லேல்லை?"

"அவவுக்கு அண்டைக்கே சொன்னனான். என்ன சொன்னவர் எண்டு என்னட்டைக் கேட்டவா. 'அப்பாட்டை நீ சொல்லப் போறியோ, நான் சொல்லட்டோ' எண்டா. 'ரெண்டு பேரும் சொல்ல வேண்டாம், அப்பாவே நினைக்கட்டும்' எண்டு நான்தான் சொன்னன். 'அப்ப இது என்னட்டை இருக்கும், நான் கேட்டுக்கொண்டிருப்பன்' எண்டா." டப்பாவைத் தன் பக்கம் இழுத்தாள். "அவவும் கண்ணை மூடிட்டா. இனி ஆர் உங்களைக் கேக்கிறது?"

ஆக, உங்களுக்குத் தெரிந்திருந்தது. படகில் கேட்டபோதும், ஒவ்வொரு சனியும் நான் என் திருந்திய கதையைச் சொன்னபோதும், அந்த மூன்று சொல்லும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பத்து வயதுப் பிள்ளை வைத்த நிபந்தனைக்காக இருபத்தைந்து வருடம் வாய் திறக்காமல் இருந்தீர்கள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே வைத்திருந்தீர்கள், ஒரு சொல் கூட்டாமல். பெரியவர்களின் ஒப்பந்தங்களை நிறையக் கண்டிருக்கிறேன். இப்படிக் காப்பாற்றப்பட்ட ஒன்றை நான் கண்டதில்லை.

வலது கையின் இரண்டு விரல்களை அந்தத் தடங்களில் வைத்தேன். விரல்கள் இப்போது கொஞ்சம் பருத்திருக்கின்றன. ஆனாலும் பொருந்தின.

துளசி பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் விதி அவளுக்கும் தெரியும். அவளுடைய வகுப்பிலும் அதுதான் நடக்கிறதாம். அன்று நான் சொன்னதை அவள் திருப்பிச் சொல்லிவிட்டாள். அடுத்து நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்.

"ஓம்," என்றேன். "அதைத்தான் நான் சொன்னன்."

விதிப்படி, இனி மறுமொழி சொல்லும் முறை அவளுடையது. தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அவள் தொடங்கினாள். அவள் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் நான் அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். "இல்லை அப்பா," என்றாள், பல தடவை. நான் மறுபடி சொன்னேன்.